நெட் கனெக்‌ஷன் எடுக்கும்போதே பூட்டையும் பார்த்து எடுங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் புதிதாக நெட் வந்தாலும் நடப்பது ஒன்றுதான். கேபிள்காரர் ஏணியோடு வருகிறார், கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே விடுகிறார், ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டுகிறார், "வைஃபை பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே போட்டுரட்டுமா சார்?" என்று கேட்கிறார், நாமும் சரி என்கிறோம். பத்து நிமிடத்தில் டிவியில் யூடியூப் ஓடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதன் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பல வீட்டுக் கணினிகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்தது, எந்த கனெக்‌ஷன் எடுப்பது, கணினியை எப்படிக் காப்பது என்பவை இரண்டு தனிக் கேள்விகள் இல்லை. லைன், ரவுட்டர் என்கிற அந்த வெள்ளைப் பெட்டி, கணினி, கடைசியில் அதன் முன்னால் உட்காரும் ஆள். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் கணினியில் ஒரு ஆன்டிவைரஸ் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

லைனைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊர்களில் இப்போது வீட்டு நெட் பெரும்பாலும் மூன்று விதமாக வருகிறது. கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வந்து முடிவது ஒன்று. இதுதான் நிஜமான ஃபைபர், பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ எல்லாரிடமும் இருக்கிறது. இரண்டாவது, தெரு முனை வரைக்கும் ஃபைபராக வந்து, அங்கே யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் உள்ள, நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிளாக உங்கள் வீட்டுக்கு வருவது. மூன்றாவது, மாடியில் ஒரு பெட்டியை வைத்து 5ஜி சிக்னலில் வாங்கித் தருவது. ஏர்ஃபைபர் என்கிற பெயரில் விற்கப்படுவது இந்த வகைதான், பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது காற்று வழியே.

கிடைத்தால் முதல் வகையை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும்போது தெருவுக்குக் குறுக்கே தொங்கும் செம்புக் கேபிள் வழியாக மின்னல் இறங்கி, சுவிட்ச், ரவுட்டர், சில சமயம் கணினியின் நெட்வொர்க் போர்ட் வரை போன வீடுகளை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில இடங்களில் தெருவில் உள்ள எல்லா வீடுகளும் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் வாங்காமல் அந்தக் கேபிளை நேராகக் கணினியில் செருகினால், பக்கத்து வீட்டுக்காரர் ஷேர் செய்து வைத்திருக்கும் ஃபோல்டர் உங்களுக்குத் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியும். ஒருமுறை நண்பர் ஒருவர் வீட்டில் இப்படிச் செருகிப் பார்த்தபோது, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய குடும்பப் புகைப்படங்கள் என் திரையில் விரிந்தன. உடனே மூடிவிட்டேன், ஆனால் அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. வேறு வழியே இல்லை, அந்த வகைதான் கிடைக்கும் என்றால் நடுவில் உங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அது வேலிபோல வெளியிலிருந்து வருவதைத் தடுத்து நிறுத்தும்.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் தேவையில்லாமல் காசு போகிறது. பிளானில் எழுதியிருப்பது எம்பிபிஎஸ், அதாவது மெகாபிட். நாம் ஃபைலை அளப்பது மெகாபைட்டில். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். 4கே படம் ஒன்று பார்க்க 25 எம்பிபிஎஸ் தாராளம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 போதும், 300 எடுத்தும் மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் கோளாறு வைஃபையில்தான் இருக்கும், லைனில் இருக்காது. கணினியை ரவுட்டரோடு ஒயரில் இணைத்து ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. சொன்ன விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா, ஏற்கெனவே சேர்ந்ததா? அன்லிமிடெட் என்றால் எத்தனை ஜிபி வரை? (பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கிறது, சாதாரண வீட்டுக்கு அது எட்டாத தூரம், ஆனால் விலை குறைந்த பிளான்களில் வரம்பு மிகவும் கீழே இருக்கும்.) அப்லோடு வேகமும் டவுன்லோடு அளவுக்கே உண்டா? ரவுட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா? மழையில் ஒயர் அறுந்தால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்? இந்தக் கடைசிக் கேள்விக்கு கம்பெனி சொல்லும் பதிலை விட, அதே கனெக்‌ஷன் வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்காவிடம் கேட்பது மேல். ராத்திரி 9 மணிக்கு எப்படி ஓடுகிறது என்றும் அவரிடமே கேளுங்கள், காலை 11 மணிக்கு எல்லா நெட்டும் நன்றாகத்தான் ஓடும்.

ஃபைபர் என்றால் மாட்டி முடித்ததும் இன்னொன்றைப் பாருங்கள். வந்தவரிடம் ஒளியின் அளவைக் காட்டும் சின்ன மீட்டர் இருக்கும், "எத்தனை டிபி வருது அண்ணே?" என்று கேளுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்றைக்கு ஓடும், நாலு நாளில் விட்டுவிட்டு வரும். கையோடு ஒயரை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், போன பிறகு கூப்பிட்டு வரவைப்பது பெரும்பாடு.

ரவுட்டர், இதில்தான் பாதி வேலை

கேபிள்காரர் போனதும் அன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு என்றால் நடக்காது.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு, இன்னொன்று ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு. இரண்டாவது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, அதனால் பெட்டியோடு வந்த 'அட்மின்', 'அட்மின்' என்பது அப்படியே இருக்கும். 2016இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. அதற்குத் தேவைப்பட்டது கம்பெனிகள் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. ஒவ்வொரு வாசலிலும் அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, திறந்தது.

அதனால் முதல் வேலை அதுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பிரவுசரில் அதை அடித்து உள்ளே போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கம்பெனி கொடுத்த பெட்டிகளைத் தூரத்திலிருந்தே திறந்து மாற்றும் வசதி பல கம்பெனிகளிடம் உண்டு, பழுது பார்க்க அது தேவையும்கூட. அது உறுத்தினால், கம்பெனிப் பெட்டியை ஒளியை நெட்டாக மாற்றும் வேலைக்கு மட்டும் விட்டுவிட்டு, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்து வைஃபையை அதிலிருந்து கொடுங்கள். என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்து அந்த போன் நம்பர் சமாச்சாரம். வைஃபை பாஸ்வேர்டாக போன் நம்பர் வைப்பது ஏன் கூடாது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். நம் நாட்டு மொபைல் எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் இருக்க முடியும். கேட்கப் பெரிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் அந்த ஒரு நொடிப் பேச்சை வெளியே நின்று பிடித்துக்கொண்டு போனால் போதும், அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே ஊகித்துப் பார்க்கலாம். கேம் ஆடுபவர்கள் கணினியில் போடும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சரிபார்க்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 விநாடி, ஒரு மணி நேரம் சொச்சம். இதில் உங்கள் நம்பர் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை.

அதற்குப் பதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள், நடுவில் ஒரு எண். முறம், தவளை, ரயில், சுண்டைக்காய் என்கிற மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்.) நினைவிலும் நிற்கும், பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கலாம், இருபது எழுத்தைத் தாண்டுவதால் ஊகிக்கவும் முடியாது.

அதே பக்கத்தில் இருக்கும்போது பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஎஸ் என்று ஒன்று ஆனில் இருந்தால் அணையுங்கள். பட்டனை அழுத்தியோ எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தோ வைஃபையில் சேரும் வசதி அது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் திறந்துவிடலாம் என்று 2011லேயே வெளியாகிவிட்டது. விருந்தாளிகளுக்கான தனி வைஃபை வசதி இருந்தால் அதை ஆன் செய்து டிவி, கேமரா, வருபவர் போகிறவர் போன் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். உங்கள் கணினியும் போனும் மட்டும் முதன்மை வைஃபையில் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பதற்காகச் சிலர் ரவுட்டரில் போர்ட் திறந்து விடச் சொல்வார்கள், அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர ஒரு வழி விடச் சொல்வார்கள். வேண்டாம். கேமராவின் சொந்த ஆப் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். அதே மாதிரி ஆபீஸிலிருந்து வீட்டுக் கணினியை இயக்க ரிமோட் டெஸ்க்டாப்பை நெட்டுக்குத் திறந்து வைப்பதும் வேண்டவே வேண்டாம், கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் உள்ளே வரும் பழக்கப்பட்ட பாதை அது.

இப்போது கணினி

என் மச்சான் ஒருவர் கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். 2020இல் ஒரு நாள் காலை போன் செய்தார், குரலே சரியில்லை. போட்டோக்கள் எதுவும் திறக்கவில்லை, எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை, 490. முந்தின நாள் போட்டோ எடிட் செய்யும் மென்பொருளின் கிராக் (காசு கட்டாமல் ஓட வைக்கப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) ஒன்றை இறக்கி, அது சொன்னபடியே ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவியிருக்கிறார். ரான்சம்வேர் என்றால் இப்படி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், ஸ்டாப் என்று அழைக்கப்படும் அந்த ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் வீட்டுக் கணினிகளுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவரிடம் பேக்கப் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இரண்டு டெராபைட், மூன்று வருட வேலை. ஆனால் அது எப்போதும் கணினியிலேயே செருகியிருந்தது, அதனால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன் பென்டிரைவ் வாங்கிப் போன வாடிக்கையாளர்கள் வீடு வீடாகப் போய்க் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்தோம். மற்றவை போனது போனதுதான்.

ஆகவே பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செருகுங்கள், காப்பி செய்யுங்கள், பிடுங்குங்கள். ரொம்ப முக்கியமானவற்றை, அதாவது பத்திரம், சான்றிதழ், குழந்தைகளின் படங்கள், இன்னொரு பிரதியாக கிளவுடிலோ வேறு ஊரில் உள்ள தங்கை வீட்டிலோ வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாட்டிக்கொண்டால் பணம் கட்டும் முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது, சில வகைகளுக்குத் திறவுகோல் இலவசமாகக் கிடைக்கும்.

கிராக் மென்பொருளை விட்டுவிடுங்கள். காசு இல்லை என்றால் இலவசமாகவே நல்லவை இருக்கின்றன, கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ், போட்டோவுக்கு கிம்ப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ். விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்து தருகிறேன் என்று கடைக்காரர் ஒரு சின்ன நிரலை ஓட்டுகிறார் என்றால், அதற்குள் வேறென்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்கிற ரான்சம்வேர் உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் "பிறகு நினைவூட்டு" என்று அழுத்திக்கொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அதற்குள் 11க்கு மாறுங்கள். உங்கள் கணினி 11ஐ ஏற்காத பழைய கணினி, பிரவுசர் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மிண்ட் போட்டுக்கொள்ளலாம். எங்கள் அத்தை இரண்டு வருடமாக அதில்தான் சீரியல் பார்க்கிறார்.

ஆன்டிவைரஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் பதில், வீட்டுக்கு வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், அதை அணைக்காமல் இருந்தால். அந்தக் காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அதை விடப் பலன் தருவது, தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத சாதாரண கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் புழங்குவது. பிள்ளைகள் கேம் என்று எதையாவது இறக்கினால்கூட அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், அப்போது உங்களைக் கூப்பிடுவார்கள், நீங்கள் பார்க்கலாம். அப்புறம், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைக்கும், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் போய் அதைக் காட்டச் சொல்லுங்கள். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'யாக, அதாவது திறந்ததும் ஓடும் ஒரு நிரலாக, இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

திரைக்கு முன்னால் உட்கார்பவர்

இத்தனை பூட்டையும் போட்ட பிறகு திருடன் செய்வது, கதவைத் தட்டி நம்மையே திறக்கச் சொல்வது. பேங்கிலிருந்து பேசுகிறோம், கரண்ட் பில் கட்டவில்லை, இன்றைக்கு ராத்திரி ஃபியூஸைப் பிடுங்கிவிடுவோம், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்யப்பட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பயந்து போய் மணிக்கணக்கில் வீடியோ காலில் உட்கார்ந்திருந்து வாழ்நாள் சேமிப்பை அனுப்பியவர்களில் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் உண்டு. பயம் வந்துவிட்டால் படிப்பு உதவுவதில்லை. அதனால் யார் மீதும் கோபப்படாதீர்கள், ஏமாந்ததை வீட்டில் சொல்லப் பயந்து மறைப்பதால்தான் நேரம் போய்விடுகிறது.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்று தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து இயக்க விடும் ஆப்களைப் போனில் பேசும் ஒருவர் சொல்லி நிறுவக் கூடாது, பேசுபவர் யாராக இருந்தாலும். வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம், பத்திரிகை படமாகத்தான் வரும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய எண் ('பின்') தேவையே இல்லை, கேட்கிறார்கள் என்றால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது.

பாஸ்வேர்டு எல்லா இடத்திலும் ஒன்றே வைத்திருந்தால் முதலில் இமெயிலுக்கு மட்டுமாவது தனியாக மாற்றுங்கள், மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதான். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அதில் போடுங்கள். மற்றவற்றுக்கு பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளலாம், அது பழகாத பெரியவர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்வார்கள், வீட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. நெட் வழியாக வரும் திருடனால் பீரோவைத் திறக்க முடியாது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நெட் கனெக்‌ஷனின் வாடிக்கையாளர் எண், ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு, பேங்க் கார்டை முடக்கக் கூப்பிட வேண்டிய எண் மூன்றையும் எழுதுங்கள். அதற்கு மேலே, பெரிய எழுத்தில், 1930. பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே, பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி வெளியே எடுக்கப்படும் முன் சொன்னால் நடுவிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், அதனால் போனில் வந்த மெசேஜ்களை அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.